உயிலை லாமினேட் செய்யாதீர்கள், திரும்ப எழுதுங்கள்

வாசகர் கேள்வி: கருங்கல் பக்கம் வசிக்கிறேன். வயது 72, ஓய்வுபெற்ற ஆசிரியர். கிறிஸ்தவக் குடும்பம். மனைவி இருக்கிறார். மூத்த மகன் துபாயில், இளையவன் எங்களோடு, மகளைக் கட்டிக் கொடுத்தது தக்கலையில். நான்கு ஆண்டுகளுக்கு முன் 20 ரூபாய் முத்திரைத்தாளில் உயில் எழுதினேன். வீடு இளையவனுக்கு, ரப்பர் விளை மூத்தவனுக்கு, ரோட்டோரம் உள்ள 12 சென்ட் தென்னந்தோப்பு மகளுக்கு. சாட்சிக் கையெழுத்து மருமகனும் பக்கத்து வீட்டுக்காரரும் போட்டார்கள். பதிவு செய்யவில்லை. அலமாரியில் இருந்த தாள் ஈரம் பிடித்துப் புள்ளி விழுந்துவிட்டது. லாமினேட் செய்து வங்கி லாக்கரில் வைத்தால் போதுமா, பதிவு செய்ய வேண்டுமா? பதிவு செய்தால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுமே? இளையவனுக்குப் பொது அதிகாரப் பத்திரம் பதிவு செய்து கொடுத்திருக்கிறேன். "பவர் இருக்கே, உயில் எதுக்கு" என்கிறான். மூத்தவன் தன் பெயரில் இங்கே கிடக்கும் மனையை விற்க எனக்குத் துபாயிலிருந்து பவர் அனுப்பப்போகிறான். அதில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஐயா, நீங்கள் கேட்டது தாளை எப்படிக் காப்பாற்றுவது என்று. அந்தத் தாளைக் காப்பாற்றினாலும் உங்கள் மகளுக்கு எழுதிய தோப்பு அவருக்குப் போய்ச் சேராது. எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, பிரிவு 67-இன்படி, உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ, அவருடைய மனைவிக்கோ கணவருக்கோ அந்த உயிலில் எழுதப்பட்ட கொடை செல்லாது. உயில் முழுதும் கெட்டுப்போகாது. அந்த ஒரு கொடை மட்டும் விழுந்துவிடும். உங்கள் மருமகன் சாட்சி. அவர் மனைவி உங்கள் மகள். 12 சென்ட் அங்கேயே போயிற்று. இந்துக்களின் உயில்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அதனால்தான் "எங்க அண்ணன் உயில்லயும் மருமகன்தான் சாட்சி, ஒண்ணும் ஆகலியே" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். கிறிஸ்தவர்களுக்கு அது பொருந்தும்.

விழுந்த அந்தத் தோப்பு யாருக்குப் போகும்? "மேலே சொல்லாத மற்றச் சொத்துகள் இன்னாருக்கு" என்று உயிலில் ஒரு வரி இருந்தால் அவருக்குப் போகும். அப்படி வரி இல்லையென்றால், உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தைப் போலவே பங்கு பிரியும். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 4 சென்ட். மீதி 8 சென்ட் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக. உங்கள் மகளுக்குக் கிடைப்பது 2.66 சென்ட். ஸ்ரீதனம் கொடுத்தாயிற்றே, மகளுக்குப் பங்கு ஏது என்ற பேச்சு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னும் ஓயவில்லை. திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டக் காலத்து நினைவு அது. அந்தச் சட்டம் 1951-லேயே செயலிழந்துவிட்டது, இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் பங்கு ஒன்றே. கொடுத்த ஸ்ரீதனத்தைக் கழிப்பது கிடையாது.

ஆகவே புதிய உயில். முத்திரைத்தாள் தேவையில்லை; உயிலுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது. நல்ல கனமான வெள்ளைத்தாள் போதும். முதல் பத்தியிலேயே பழைய உயிலின் தேதியைச் சொல்லி, அதை ரத்து செய்வதாக எழுதுங்கள். ஒவ்வொரு சொத்துக்கும் பழைய சர்வே எண், ரீசர்வே எண், பட்டா எண், பரப்பு, நான்கெல்லை, முந்தைய பிரமாணத்தின் (பத்திரத்தின்) எண்ணும் ஆண்டும் வரட்டும். வீடு உங்கள் பெயரிலும் மனைவி பெயரிலும் சேர்ந்து இருந்தால் உங்கள் பாதியை மட்டுமே எழுத முடியும். மூலப் பிரமாணம் மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருந்தால் இரண்டு தேதியையும் குறியுங்கள். கொல்லம் 1120 என்றால் 1944-45. நாளை பட்டா மாறுதலுக்கு உட்காரும் அலுவலருக்கு மலையாளம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

உங்கள் கடிதத்தில் மனைவிக்கு என்ன என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அவர் வாழும்வரை வீட்டில் குடியிருக்கவும் தோப்பு, விளை வருமானத்தில் ஒரு பகுதியை அனுபவிக்கவும் உரிமை உண்டு, விற்கும் உரிமை கிடையாது, அவருக்குப் பிறகு முழு உரிமையும் இன்னாருக்கு என்று எழுதலாம். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். வீடு மகன் பெயருக்கு மாறிய மறுநாள் தாயின் நிலைமை அந்த மகனின் மனதைப் பொறுத்தது என்று ஆகிவிடக் கூடாது.

இனி கையெழுத்து. பிரிவு 63 கேட்பது இவ்வளவுதான்: நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும்; குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்து" என்று நீங்கள் நேரில் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும்; ஒவ்வொரு சாட்சியும் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். எளிமையாகத்தான் தெரிகிறது. வழக்குகள் விழுவது இங்கேதான். எழுத்தர் அலுவலகத்தில் அந்த நேரத்துக்கு நின்றுகொண்டிருந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார். இருபது ஆண்டு கழித்து அவர் யார், எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியாது. உயிலை நிரூபிக்க, சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்தால் அவரை நீதிமன்றத்துக்கு அழைத்தே ஆக வேண்டும். முன்பு சாட்சியச் சட்டம் பிரிவு 68 சொன்னதை இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 67 சொல்கிறது. எனவே உங்களைவிட 15, 20 வயது இளையவர், ஊரிலேயே இருக்கப்போகிறவர், உயிலில் எந்தப் பலனும் இல்லாதவர், பலன் பெறுபவரின் கணவனோ மனைவியோ அல்லாதவர் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். விசா வந்து வளைகுடாவுக்குக் கிளம்பப்போகும் பையன் வேண்டாம். சாட்சியின் தகப்பனார் பெயர், நிரந்தர முகவரி, வயது எல்லாம் தெளிவாக இருக்கட்டும். "எழுதியவர்" என்று பத்திர எழுத்தர் போடும் கையெழுத்து சாட்சிக் கையெழுத்து ஆகாது.

உங்கள் வயதில் இன்னொரு முன்னெச்சரிக்கை நல்லது. கையெழுத்திடும் அதே நாளில், உங்களை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் தெளிந்த மனநிலையில் இருக்கிறீர்கள் என்று ஒரு சான்று வாங்கி உயிலோடு வையுங்கள். சட்டம் இதைக் கேட்கவில்லை. எதிர்க்கட்சி வக்கீல் கேட்பார்.

பதிவு செய்ய வேண்டுமா என்பதற்கு வருகிறேன். பதிவுச் சட்டம், 1908, பிரிவு 18-இன்படி உயில் பதிவு விருப்பத்துக்குரியது. பதியாத உயிலும் செல்லும். உங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன, இரண்டும் ஒன்றல்ல.

ஒன்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. உயிலுக்குக் காலக்கெடு இல்லை. மற்றப் பத்திரங்களுக்கு உள்ள நான்கு மாதக் கணக்கு இதற்குப் பொருந்தாது. சொத்து இருக்கும் எல்லைக்குள்தான் பதிய வேண்டும் என்பதும் இல்லை. மாநிலத்தில் உங்களுக்கு வசதியான எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதியலாம். ஊரில் பேச்சு கிளம்பும் என்று தயங்கினால் கருங்கலை விட்டு நாகர்கோவிலில் பதியுங்கள். உயில், உயில்களுக்கென்றே உள்ள பதிவேடான 3-ஆம் புத்தகத்தில் ஏறும். அந்தப் புத்தகத்தின் நகலை நீங்கள் உயிரோடு இருக்கும்வரை உங்களுக்கும் உங்கள் முகவருக்கும் மட்டும்தான் தருவார்கள். உங்களுக்குப் பிறகே வேறு யாரும் கேட்டு வாங்க முடியும். வில்லங்கச் சான்றிலும் உயில் வராது. எனவே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் வேண்டாம். ரகசியம் கசிவது அலுவலகப் புத்தகத்திலிருந்து அல்ல, கூட வரும் ஆட்களிடமிருந்து.

இரண்டாவது வழி, முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைப்பது. பிரிவு 42 முதல் 46 வரை இதைச் சொல்கின்றன. இது சார்பதிவாளரிடம் முடியாது, மாவட்டப் பதிவாளரிடம்தான். உயிலை உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்து, மேலே உங்கள் பெயர், முகவர் மூலம் கொடுத்தால் அவர் பெயர், உள்ளே இருப்பது உயில் என்ற குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் உங்களை அடையாளம் உறுதிசெய்து, மேலுறையில் உள்ளதை 5-ஆம் புத்தகத்தில் எழுதி, நாள், மணி குறித்து, தீப்பிடிக்காத பெட்டியில் வைப்பார். மனம் மாறினால் நீங்களே போய்த் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். உங்கள் காலத்துக்குப் பிறகு யாராவது விண்ணப்பித்தால், அவர் முன்னிலையில் உறையைத் திறந்து, 3-ஆம் புத்தகத்தில் நகலெடுத்து, மூல உயிலை மறுபடி அங்கேயே வைப்பார்கள். சான்றிட்ட நகலை வாங்கிக்கொள்ளலாம்.

பாதுகாப்புக்கு இதைவிடச் சிறந்த இடம் கிடையாது. ஆனால் இரண்டு குறைகள். பதிவாளர் உறைக்குள் இருப்பதைப் பார்க்கவே மாட்டார். ஒரே ஒரு சாட்சிதான் இருக்கிறது, பக்கம் ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்றால் அது உங்கள் இறப்புக்குப் பின்தான் தெரியும். அடுத்தது, நீங்கள் இறந்த செய்தி அந்த அலுவலகத்துக்குத் தானாகப் போகாது. யாரும் விண்ணப்பிக்காவிட்டால் உறை அங்கேயே கிடக்கும். பிள்ளைகள் உயிலில்லை என்று நினைத்துப் பங்கு வைத்துக்கொள்வார்கள். ஒப்படைத்த எண்ணையும் நாளையும் நம்பிக்கையான ஒருவரிடமாவது எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும்.

உங்கள் விஷயத்தில் நான் முதல் வழியைத்தான் சொல்வேன். காரணம் இளைய மகன். அவர் உங்களோடு இருக்கிறார், வீடு அவருக்கு எழுதப்படுகிறது, பவரும் அவர் கையில். "கூட இருந்தவன் எழுதி வாங்கிட்டான்" என்ற பேச்சுக்கு இதைவிட ஏற்ற சூழ்நிலை இல்லை. பலன் பெறுபவர் உயில் எழுதுவதில் முன்னின்று வேலை செய்தால் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருடையது என்று 1959-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை இன்றும் ஒவ்வொரு உயில் வழக்கிலும் எடுத்து வைக்கிறார்கள். அலுவலகத்தில் உங்கள் புகைப்படம், ரேகை, அதிகாரியின் முன் நீங்கள் ஒப்புக்கொண்டது எல்லாம் பதிவாவது அந்த இடத்தில் உதவும். பதிவு செய்ததாலேயே உயில் நிரூபணமாகிவிடாது, சாட்சி வரத்தான் வேண்டும். ஆனாலும் கை வலுக்கும். அன்றைக்கு இளைய மகன் உங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரக் கூடாது. பத்திர எழுத்தரிடம் அவர் பேசக் கூடாது, பணம் கட்டக் கூடாது. அவருக்கு நல்லது செய்யத்தான் சொல்கிறேன்.

அலுவலகத்தில் உங்களை அடையாளம் காட்டும் இருவர் வெறும் அடையாள சாட்சிகள். அதனாலேயே அவர்கள் உயிலின் சாட்சிகள் ஆகிவிட மாட்டார்கள். உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட அதே இருவரையே அங்கும் கூட்டிப்போங்கள். பிற்காலத்தில் வாக்குமூலம் ஒன்றுபோல் நிற்கும். நடக்க முடியாத நிலை வந்துவிட்டால், தக்க காரணம் காட்டிப் பிரிவு 31-இன்கீழ் வீட்டுக்கே வந்து பதிவு செய்யவோ உயிலை ஒப்படைப்பாக வாங்கவோ கேட்கலாம்.

பதிவான உயிலை மாற்ற இன்னொரு பதிவு கட்டாயமில்லை. கடைசியாக முறைப்படி எழுதிய உயிலே நிற்கும், அது பதியாததாக இருந்தாலும். அதனால் கோபத்தில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வைத்துவிட்டு மறந்துபோகாதீர்கள்.

தாளைப் பற்றிக் கேட்டீர்கள். லாமினேட் வேண்டவே வேண்டாம். கையெழுத்து உண்மைதானா என்று தடயவியல் நிபுணர் பார்க்க வேண்டி வந்தால் மையையும் பேனா அழுத்தத்தையும் பிளாஸ்டிக்குக்கு மேலிருந்து பார்க்க முடியாது, சூடு பட்டதில் தாளும் மையும் மாறியிருக்கும், பிரித்தால் கிழியும். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் முடிந்து காகிதம் காய்வதற்குள் அடுத்தது வந்துவிடும். பாலித்தீன் உறைக்குள் வைத்தால் உள்ளே மாட்டிய ஈரம் வெளியேறாது, பூஞ்சை புள்ளி விழுவது அதனால்தான். ஸ்டேப்ளர் ஊசி துருப்பிடித்துத் தாளை அரிக்கும். நூலால் தைத்துக் கட்டுங்கள். மை ஊற்றும் பேனா வேண்டாம், பால்பாயிண்ட் போதும். தடித்த காகித உறை, அதன்மேல் பருத்தித் துணி, ஸ்டீல் பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. பெட்டி வெளிச்சுவரை ஒட்டியோ தரையிலோ இருக்க வேண்டாம். 2021 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் ஏறிய வீடுகளில் கீழ்த்தட்டில் இருந்த பிரமாணங்கள் கூழானதை ஊரே பார்த்தது.

இரண்டு மூலப்பிரதி போட்டுக் கையெழுத்திடாதீர்கள். ஒன்று காணாமல் போனால் "அவரே கிழித்துப் போட்டார், ரத்து செய்தார்" என்ற வாதம் கிளம்பும். மூலம் ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் நகல்.

லாக்கர் உங்கள் பெயரில் மட்டும் இருந்து நியமனதாரரும் இல்லையென்றால், அதைத் திறக்கவே வாரிசுகள் ஆவணம் காட்ட வேண்டும். யார் வாரிசு என்று சொல்லும் தாள் உள்ளே பூட்டிக் கிடக்கும். மனைவியோடு சேர்ந்து இயக்கும் லாக்கர் என்றால் தாராளமாக வையுங்கள். பதிவான உயிலென்றால் மூலம் கெட்டாலும் 3-ஆம் புத்தகத்தில் நகல் இருக்கும் என்ற தைரியமும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டச் சொத்துக்கு உயிலின்மேல் புரோபேட் (உயில் மெய்யென்று நீதிமன்றம் தரும் சான்று) வாங்குவது கட்டாயமில்லை. ஆனால் பட்டா மாறுதலின்போது வாரிசுகளில் ஒருவர் ஆட்சேபித்தால் தாசில்தார் தீர்ப்புச் சொல்ல மாட்டார், சிவில் நீதிமன்றத்துக்குத்தான் அனுப்புவார்.

இனி "பவர் இருக்கே, உயில் எதுக்கு." இளைய மகன் அறியாமல் சொல்கிறார். பவர் என்பது நீங்கள் உயிரோடு இருக்கும்போது உங்கள் கைக்குப் பதிலாக இன்னொரு கை. உங்கள் உயிர் போகும்போது அதுவும் போகும். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 201. உயில் அந்த நிமிடத்தில்தான் உயிர்பெறும். இறந்த மறுநாள் பவரை வைத்து எழுதும் கிரயம் செல்லாது, தெரிந்தே எழுதினால் குற்ற வழக்கும் வரும். நினைவு தப்பும் நோய் வந்து சித்தம் தெளிவில்லாமல் போனாலும் பவர் முடிந்துவிடும். "எனக்கு முடியாமல் போனாலும் செல்லும்" என்று எழுதினாலும் நம் சட்டத்தில் நிற்காது. அப்போது காப்பாளர் நியமனத்துக்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக வேண்டிவரும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. நீங்கள் கொடுத்த பொது அதிகாரத்தில் விற்கும் அதிகாரம் இருக்கிறதா என்று உடனே எடுத்துப் பாருங்கள். இருந்தால், மகளுக்கு உயிலில் எழுதிய தோப்பை இளைய மகன் உங்கள் உயிர்க்காலத்திலேயே சட்டப்படி விற்க முடியும். விற்றுவிட்டால் உயிலில் அந்தக் கொடை வெற்று எழுத்து. அவர் செய்வார் என்று சொல்லவில்லை. கடன் நெருக்கும்போது யார் கையும் நீளும். உயிலையும் பவரையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வரி கட்ட, மின் இணைப்பு, ரப்பர் வெட்டுக் குத்தகை, வழக்கு நடத்த என்று தேவையானவற்றுக்கு மட்டும் புதிய பவர் எழுதி, பழையதை ரத்துப் பத்திரம் பதிந்து முறியுங்கள். அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்து செய்து, மகனுக்கு எழுத்தில் தெரிவித்து, அவர் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி, பவரின் மூலத்தைத் திரும்பப் பெறுங்கள். மூலம் அவர் கையில் இருக்கும்வரை வெளியாள் அதை நம்பிவிடக்கூடும்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல், அசையாச் சொத்து சம்பந்தப்பட்ட பவரைப் பதிவு செய்வது கட்டாயம். நோட்டரி முன் கையெழுத்திட்டது போதாது. வெளிநாட்டில் எழுதிக் கொடுக்கும் பவருக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. அதற்கு வேறு முறை. மூத்த மகன் துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தில் அதிகாரியின் முன் கையெழுத்திட்டுச் சான்று பெற வேண்டும். இங்கே நீங்கள் எழுதி அனுப்பும் வாசகத்தில் சர்வே எண்கள், பரப்பு, "கிரயம் எழுதிக் கொடுக்க, கிரயத்தொகை பெற, பதிவு அலுவலகத்தில் தாக்கல் செய்ய" என்பது தெளிவாக இருக்கட்டும். தாக்கல் செய்யும் அதிகாரம் விட்டுப்போனால் எழுதிய கிரயத்தைப் பதிய முடியாமல் மறுபடி அங்கே அனுப்ப நேரும். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் பட்டாவில் இருக்கும் பெயரும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. அங்கே தகப்பனார் பெயர் முழுதாக, இங்கே ஓரெழுத்து. "என்கிற" போட்டு இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

தபால் இங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை செலுத்தி விட வேண்டும். எந்த நாளில் வந்தது என்பதற்குச் சாட்சி அந்த உறையின் மேல் உள்ள முத்திரைதான்; கிழித்து எறியாதீர்கள். மகனின் பாஸ்போர்ட், விசா நகல்களில் அவரே கையெழுத்திட்டு உடன் அனுப்பட்டும். கிரயம் எழுதும் நாளில் அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு 30 நாளுக்குள் வாங்கிய சான்று கேட்பார்கள். ஆள் பார்த்து, முன்பணம் வாங்கி, நாள் குறித்த பிறகு அதற்கு ஏற்பாடு செய்தால் போதும். முன்கூட்டியே வாங்கி வைத்தால் காலாவதியாகி விடும்.

கிரயத்தொகையை மகனின் வங்கிக் கணக்குக்கே நேராகச் செலுத்தச் செய்யுங்கள். உங்கள் கணக்கில் வந்து தங்கினால், உங்களுக்குப் பிறகு அது யார் பணம் என்ற கேள்வி மூன்று பிள்ளைகளுக்கும் நடுவில் வந்து நிற்கும்.